ஏழாம் நம்பர் நிலம்

ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் இருவரும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தண்ணீரை அரைக் குடமாகவே தூக்குங்கள். படியேறும்போது அவசரம் வேண்டாம்.

ஊர் எப்படி என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். ஊர் என்று சொல்ல இங்கே இன்னும் ஒன்றும் இல்லை. பஸ் பெரிய கால்வாய்ப் பாலத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து சாமான்களோடு ஒரு டிராக்டரில் வந்தோம். பெரிய வெட்டவெளி. அதில் வெள்ளையடித்த முளைக்குச்சிகள், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். நம்முடையது ஏழு. டிராக்டர்காரர் குச்சியைக் காட்டி, "இதுதான் உங்க வீடு, இறங்குங்க" என்றார். உங்கள் மகன் குச்சியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அரசாங்கம் கொடுத்த கம்பும் தகரமும் வைத்து ஓர் அறை எழுப்பிவிட்டார். இடுப்பளவுக்குச் செங்கல், அதற்கு மேல் தகரம். கதவு மட்டும் மாட்டவில்லை, சாய்த்து வைத்திருக்கிறோம். வீட்டுக்குப் பின்னாலேயே நிலம் தொடங்குகிறது. கறுப்பு மண். முதல் போகம் மக்காச்சோளம் போடச் சொல்கிறார்கள். கிளை வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று.

இங்கே யாருக்கும் யார் பெயரும் தெரியாததால் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம். நேற்று எட்டு வந்து ஏழிடம் மண்வெட்டி கேட்டார். ஏழிடம் இல்லை என்று ஐந்திடம் போனார். வெளியாள் யாராவது கேட்டால் வாய்ப்பாடு ஒப்பிக்கிறோம் என்று நினைப்பார்கள். எட்டாம் நம்பர்க்காரர் முன்பு கொத்தனாராக இருந்தவர். அவர் மனைவி எனக்கு இப்போதே பாதித் துணை.

ஒரு வருஷம் குடியிருந்து பயிர் செய்தவர்களுக்குத்தான் பட்டா. அடுத்த ஜூனில் அதிகாரி வந்து வீடு வீடாக ஆள் கணக்கெடுப்பாராம்.

அடுத்த கடிதத்தை அவரே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூலை 2

என் மருமகளுக்கு ஆசீர்வாதம்.

முழங்காலைத் தவிர மற்ற பாகமெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் நினைப்பு. தகரத்துக்குக் கீழே படுத்துத் தலைவலி வந்துவிடப்போகிறது, ஈரத்துணி போட்டுக்கொள்.

பள்ளிக்கூடம் திறந்த நேரம். ஜன்னலோரம் தையல் மிஷினில் உட்கார்ந்தால் விளக்குப் போடும் வரை எழுந்திருக்க முடியவில்லை. இந்தத் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் என் கையால்தான் உடுத்துகிறார்கள். போன வருஷம் தைத்ததைப் பிரித்து நீளம் விடச் சொல்லித் தாய்மார்கள் வருகிறார்கள். இந்தக் குழந்தைகள் என்னதான் சாப்பிட்டு வளர்கின்றன என்று தெரியவில்லை.

கதவை மாட்டிவிட்டானா? அவனைப் பற்றி உனக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எதையும் ஆசையாகத்தான் ஆரம்பிப்பான். சைக்கிள் கடை, அச்சாபீஸ், லாரி எல்லாம் அப்படித்தான். பெண் கேட்க வந்தபோதே உன் பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நீ கேட்டுக்கொண்டிருந்தாய். ஆனாலும் சரி என்றாய். அந்தத் தைரியத்தில்தான் நான் நிம்மதியாக இருக்கிறேன். அவனைப் பின்னால் நின்று விரட்டினால் ஓடுவான், பக்கத்தில் நின்றால் செய்வான்.

நாலு வரி எழுதச் சொல். எழுத்துப் பிழையை நான் பார்க்க மாட்டேன்.

அத்தை


செப்டம்பர் 26

அன்புள்ள அத்தைக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆகஸ்டு கடைசியில் மேற்கே மழை கொட்டியதில் கிளை வாய்க்கால் கரை உடைந்துவிட்டது. நம் பக்கத்து நிலங்களில் தண்ணீர் ஏறி நின்றது. முழங்கால் உயரம் வந்திருந்த பயிர் எல்லாம் அழுகிப்போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு மறுபடி உழுது, மறுபடி விதைத்தோம். எட்டாம் நம்பர்க்காரர் கரைகட்டுவதில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி வேலை வாங்கினார். இப்போது கரை முன்னை விட உயரம். மறு விதைப்பு நன்றாக முளைத்திருக்கிறது.

உங்கள் மகன் பெரிய கால்வாய் வேலைக்குப் போயிருக்கிறார். தூரத்தில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். அங்கிருந்து தபால் போட வசதியில்லை. எழுதவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மற்றபடி ஊர் கொஞ்சம் கொஞ்சமாக ஊராகிக்கொண்டிருக்கிறது. இருபத்து மூன்றாம் நம்பர்க்காரர் வீட்டு முன்னால் ஒரு பலகை போட்டு டீ விற்கிறார். அதிலிருந்து அவருக்கு நம்பர் போய்விட்டது, டீக்கடைக்காரர் ஆகிவிட்டார். சாமான் கிடங்கில் ஒரு மூலையை ஒதுக்கிப் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார்கள். உரமூட்டை வாசனையில் பிள்ளைகள் தும்மிக்கொண்டே படிக்கிறார்கள்.

கதவு மாட்டியாயிற்று. கீல்களை நானே முடுக்கினேன். கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்


அக்டோபர் 11

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சுகம். நீ சுகமாக இரு.

இத்துடன் ஒரு பொட்டலம் வரும். அதில் முழுக்கைச் சட்டை இரண்டு இருக்கிறது. சோளக்காட்டில் இறங்கும்போது மேலே போட்டுக்கொள். சோளத்தோகை கையை அறுக்கும் என்று கேள்விப்பட்டேன். உன் அளவுக்குத்தான் தைத்திருக்கிறேன்.

மிஷினை ஜன்னலோரத்திலிருந்து எடுத்துச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறேன். அங்கே வெளிச்சம் போதவில்லை. என்ன செய்வது, பாய் விரிக்க இடம் வேண்டியிருக்கிறது. பெரிய பாத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கினேன்.

எல்லா வேலையையும் நீயே இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. எட்டாம் நம்பர் வீட்டு அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். கதவை ராத்திரியில் நன்றாகத் தாழ்போட்டுக்கொள்.

அத்தை


நவம்பர் 3

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். சட்டைகள் வந்தன. தோளும் கையும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கின்றன. எட்டாம் நம்பர் அம்மா ஒன்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்படித் தைக்கிறவங்க இங்க ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

அறுவடை கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் முடிந்துவிடும் என்கிறார்கள். கதிர் நன்றாகப் பிடித்திருக்கிறது. கிளி விரட்ட ஒரு பழைய டின்னைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

போன வாரம் குடியேற்ற அதிகாரி ஜீப்பில் வந்தார். நம் வீட்டில் நிலத்துக்காரர் எங்கே என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். எப்போது வருவார் என்றார். அறுவடைக்கு என்றேன். எட்டாம் நம்பர்க்காரர் குறுக்கே வந்து ஏதோ மதகுப் பிரச்சினையைச் சொல்லி அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் நீங்கள் உங்கள் மகனைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நானும் இப்போது ஒன்றும் கேட்கப்போவதில்லை.

இத்துடன் ஒரு பை வரும், அதில் அவருடைய கம்பளிச் சட்டையை வைத்திருக்கிறேன். குளிர் ஆரம்பித்துவிட்டது. கால்வாய் வேலைக்காரர்களுக்கு இங்கிருந்து அனுப்ப வழியில்லை. உங்களிடம் இருக்கட்டும். அவருக்குச் சளி பிடித்தால் சீக்கிரம் நெஞ்சில் இறங்கிவிடும்.

உங்கள் மருமகள்


ஜனவரி 5

என் மருமகளுக்கு,

உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாதமாக இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். கம்பளிச் சட்டையை விரித்துப் பார்த்தபோதே உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இனி சுற்றி வளைக்க வேண்டாம். அவன் இங்கேதான் இருக்கிறான். செப்டம்பர் நடுவில் ஒரு சாயங்காலம் பையோடு படியேறி வந்தான். தண்ணீர் கேட்டான், குடித்தான். நீ வயலைப் பார்த்துக்கொள்வது, அவன் இங்கே சம்பாதித்து அனுப்புவது என்று இருவரும் பேசி முடிவெடுத்ததாகச் சொன்னான். நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன், பெற்ற பிள்ளை.

பிறகு உன் கடிதம் வந்தது. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சத்தமாகப் படித்தேன். கால்வாய் வேலைக்குப் போயிருக்கிறார் என்ற இடம் வந்ததும் அவன் கை நின்றது. "நீ இப்ப எந்தக் கால்வாய்ல உட்கார்ந்து சாப்பிடுற?" என்று கேட்டேன். எழுந்து கையைக் கழுவிவிட்டு வெளியே போனான். அன்று நேரங்கழித்து வந்து, வாசற்படியில் நின்றபடியே சொன்னான்: "அழுகின செடியெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு, அதே மண்ணுல திரும்பவும் விதைக்கலாம்னு சொன்னா. எனக்குக் கை வரலைம்மா. இன்னொரு தடவை தண்ணி வந்தா என்ன பண்ணுவேன்னுதான் நினைப்பு ஓடுது."

ஒரு வாரத்தில் திரும்பிப் போய்விடுவான், உனக்கு எதுவும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் அவனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அப்படி ஒரு கடிதம் எழுதினேன். ஒரு வாரம் மூன்று மாதமாகிவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மோட்டார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். என்ஜினில் கை வைத்தால் நேரம் போவது தெரியவில்லை அவனுக்கு. உன்னைப் பற்றி நான் எடுத்தால் பேசுவான், தானாக எடுக்க மாட்டான்.

என் மகன் செய்தது தப்பு. அதை உன்னிடம் பூசி மெழுகப்போவதில்லை. ஆனால் நீ அங்கே தனியாக எத்தனை நாள் இருப்பாய்? வந்துவிடு. அறை சின்னதுதான், மிஷினைக் கட்டிலுக்கடியில் கூடத் தள்ளிவிடலாம். உனக்கு இங்கே எப்போதும் இடம் உண்டு.

அத்தை


பிப்ரவரி 1

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் இரவில் கண் விழித்து இதை எழுதியிருப்பீர்கள் என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அப்படிச் செய்யாதீர்கள்.

அறுவடை முடிந்தது. களம் இல்லாததால் எல்லாரும் பள்ளிக்கூடக் கிடங்குக்கு முன்னால் கதிரைக் காயப்போட்டோம். யார் குவியல் எது என்று தெரிய அவரவர் முளைக்குச்சியைப் பிடுங்கி வந்து நட்டுவைத்தோம். கோழிகளுக்கு மட்டும் நம்பர் படிக்கத் தெரியவில்லை. நம் குவியல் மோசமில்லை. எட்டாம் நம்பருக்கு அடுத்த பெரிய குவியல் நம்முடையதுதான்.

நீங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். நானும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வடிந்த அன்று காலை அவர் வயலில் இறங்கி ஒரு செடியைப் பிடுங்கி வேரை முகர்ந்து பார்த்தார். கரையேறி வந்து, "போயிடலாம் வா" என்றார். எங்கே என்றேன். "வீட்டுக்கு." இதுதானே வீடு என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இது குச்சி. அன்னைக்கும் குச்சிதான், இன்னைக்கும் குச்சிதான்" என்றார். நான் வரவில்லை என்றேன். கோபித்துக்கொண்டு போயிருந்தால் பாலத்திலிருந்தே திரும்பியிருப்பார். அவர் கோபிக்கவில்லை. சாப்பிட்டார், தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், பிறகு போனார். அன்று பிற்பகலே எட்டாம் நம்பர்க்காரரிடம் ஏர் கேட்கப் போனேன்.

உங்கள் அறைக்கு வரக்கூடாது என்றில்லை அத்தை. நான் பெரியப்பா வீட்டில் கொஞ்ச நாள், மாமா வீட்டில் கொஞ்ச நாள் என்று வளர்ந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். யாரும் கொடுமைப்படுத்தவில்லை. ஆனால் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் யாரையாவது கேட்க வேண்டும். இங்கே கீலை முடுக்கும்போது யாரையும் கேட்கவில்லை. கோணலாக மாட்டினேன், அது என் கோணல். நான் இங்கேயே இருக்கிறேன்.

ஒன்று மட்டும் சிக்கல். ஜூன் கணக்கெடுப்பில் நிலத்துக்காரர் வீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவருடைய இரத்த சம்பந்தமானவர்கள் யாராவது நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும். மனைவி மட்டும் இருந்தால் செல்லாதாம், நிலத்தைக் காத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். ஏற்கெனவே குடும்பத்தோடு விட்டுப் போனவர்களின் மூன்று நிலம் அப்படிக் கை மாறிவிட்டது. எட்டாம் நம்பர் அம்மா, "உங்க மாமியாரை வரச் சொல்லேன்" என்றார். உங்கள் ஜன்னலும் மிஷினும் வாடிக்கைக்காரர்களும் உங்களுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். அதை நான் கேட்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் வந்து கணக்கெடுப்பு அன்று நின்றுவிட்டுப் போனாலும் போதும். இதை அவரிடம் நீங்கள் சொல்லுங்கள். சண்டை போட மாட்டேன் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 18

என் மருமகளுக்கு,

வெயில் இங்கேயே இப்படி என்றால் தகரத்துக்குக் கீழே உன் பாடு எப்படியோ. கூரை மேல் தோகையைப் பரப்பிப் போடு. எனக்கு ஒன்றுமில்லை.

நீ எழுதியதை அவனிடம் சொன்னேன். அன்றைக்குச் சரி என்றான். மறுநாள் யோசிக்கிறேன் என்றான். யோசிப்பதற்கு அவனுக்கு மார்ச் மாதம் முழுக்க வேண்டியிருந்தது. நான் விடவில்லை. காலையில் காப்பியோடு கேட்டேன், சாயங்காலம் சாப்பாட்டோடு கேட்டேன். கடைசியில் நேற்று, "வரேம்மா. போய் நிக்கிறேன். அவ என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்" என்றான். பட்டறை முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டான். ஜூன் முதல் வாரத்தில் வியாழக்கிழமை பஸ்ஸில் ஏறுகிறான்.

அவனுக்குப் பிடித்தது எதையும் சமைத்து வைக்காதே. என்ன இருக்கிறதோ அதைப் போடு.

அத்தை


ஜூன் 5

மருமகளுக்கு,

இன்று வியாழக்கிழமை. பாலத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பாய்.

காலையில் பையோடு கிளம்பினான். நான் படியிறங்கித் தெருமுனை வரை போனேன். சாப்பாட்டு நேரத்துக்கு அதே பையோடு திரும்பி வந்தான். "பஸ்ல இடமில்லைம்மா" என்றான். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய் டிக்கெட் கொடுக்கிறவரிடம் கேட்டேன். பாதி சீட் காலியாகப் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அவனை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும், எனக்கு வேலை இருந்தது. மிஷினைத் தலை வேறு கால் வேறாகக் கழற்றிப் போர்வையில் சுற்றினேன். பாக்கித் துணிகளை வாங்கிக்கொள்ளச் சொல்லி வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மிஷின் காலைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்தான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நீ கேட்க மாட்டேன் என்று எழுதினாய். கேட்டிருந்தால் பிப்ரவரியிலேயே வந்திருப்பேனோ என்னவோ. இல்லை, வந்திருக்க மாட்டேன். என் பிள்ளை போவான் என்று அப்போது நம்பினேன்.

கடிதம் முந்துமா நான் முந்துவேனா தெரியாது. டிராக்டரில் எனக்கு உட்கார ஏதாவது சாக்குப் போட்டு வை.

அத்தை


ஜூலை 20

மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் மனைவியும் நலம். நீ கடைச் சாப்பாடு சாப்பிடுகிறாயா, அறையில் பொங்குகிறாயா? வாடகையை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடு, கீழ்வீட்டு அம்மாவுக்கு வாய் நீளம்.

வந்த கதையைச் சொல்கிறேன். அவள் பாலத்தில் டிராக்டரோடு நின்றுகொண்டிருந்தாள். என் கடிதம் போய்ச் சேரவில்லை. வியாழக்கிழமை பஸ்ஸுக்கு வந்தவள், அதன் பிறகு வந்த எல்லாப் பஸ்ஸுக்கும் வந்திருக்கிறாள். உனக்காகத்தான். நான் இறங்கியதும் எனக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்தாள். யாரும் இறங்கவில்லை என்றதும் மிஷின் தலையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கடிதம் அடுத்த தபாலில் வந்தது. நான் எழுதியதை நானே அவளுக்குப் படித்துக் காட்டினேன். பஸ்ஸில் இடமில்லை என்ற இடத்தில் சிரித்தாள். அப்புறம் பின்பக்கம் போய் வெகுநேரம் வயலில் நின்றாள்.

கணக்கெடுக்கிற அதிகாரி வந்தார். சின்ன வயசு, முகத்தில் தூக்கம். நான் யார் என்று கேட்டார். நிலத்துக்காரனைப் பெற்றவள் என்றேன்.

"அவர் வருவாரா?"

"அது அவன் பாடு. நான் வந்திருக்கேன், இவ இருக்கா. எழுதிக்குங்க."

நிரந்தரமாகத்தான் வந்திருக்கிறேனா, கணக்கெடுப்புக்காக வந்தேனா என்று கேட்டார். அவர் சட்டையில் மேல் பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றச் சொல்லி மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன். அதற்குள் ஊர்க்காரர்கள் தைக்கக் கொடுத்து வைத்திருந்த துணி மூட்டைகளையும் பார்த்துவிட்டார். எழுதிக்கொண்டார். குடியிருக்கிறவர்கள் பெயரில்தான் பட்டா என்பதால் எங்கள் இரண்டு பேர் பெயரிலும் வருகிறது. உன் பெயர் இல்லை. இதை வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன்.

தகரம் காய்கிறது. என் ஜன்னலை நினைக்காத நாளில்லை. ஆனால் ஏற மாடிப்படி இல்லை, முழங்கால் சந்தோஷமாக இருக்கிறது. வந்த வாரமே துணி குவிந்துவிட்டது. இந்த ஊரில் ஒரு வருஷமாக எல்லாரும் கிழிந்ததோடு திரிந்திருக்கிறார்கள். இப்போது ஏழாம் நம்பர் என்று யாரும் சொல்வதில்லை, தையல்கார அம்மா வீடு என்கிறார்கள். எட்டும் கொத்தனார் வீடு ஆகிவிட்டது.

உன்னை நான் வெறுத்துவிட்டு வரவில்லை. அந்த அறையில் நான் இருந்தவரை உனக்குப் போக ஓர் இடம் இருந்தது. அவளுக்கு இது ஒன்றுதான் இருந்தது. அவ்வளவுதான் கணக்கு.

உடம்பைக் கவனி.

அம்மா


அக்டோபர் 14

அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்க? எனக்கு எழுத்து வராதுன்னு உனக்குத் தெரியும். பேசற மாதிரியே எழுதிட்டேன்.

உன் கடிதம் வந்து மூணு மாசமாகுது. பட்டாவில என் பேர் இல்லைன்னு படிச்சதும் முதல்ல சுருக்குன்னுச்சு. அப்புறம் யோசிச்சா, மூச்சு லேசான மாதிரியும் இருந்துச்சு. அது ஏன்னு எனக்கே விளங்கலை. அந்த நிலத்தை நினைச்சாலே தண்ணி ஏறி நிக்கிற மாதிரிதான் கண்ணுக்குத் தெரியும். இப்ப அப்படித் தெரியலை.

பட்டறையில முழு என்ஜினையும் என்கிட்டயே விட்டுடுறார் முதலாளி. ஒரு வருஷமா ஒரே இடத்துல இருக்கேன், நம்பறியா. சாயங்காலம் அறைக்கு வந்தா உன் மிஷின் இருந்த இடம் காலியா இருக்கு. அங்க நான் எதையும் வைக்கலை.

அன்னைக்கு பஸ் நிலையத்துல பஸ் வந்து நின்னுச்சு. படியில ஒரு கால் வச்சேன். அவ முகத்தை எப்படிப் பார்க்கிறதுன்னு இறங்கிட்டேன். அதைத் தவிர வேற காரணம் இல்லை.

நான் அங்க வரலாமான்னு அவகிட்ட கேட்டு எழுது. வேண்டாம்னா அதையும் எழுது.

உன் மகன்


நவம்பர் 2

உங்களுக்கு,

அத்தை உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "கேட்டிருக்கறது உன்னை. நீயே எழுது" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். இரண்டு வாரமாக மிஷின் மேலேயே கிடந்தது. இன்று உட்கார்ந்திருக்கிறேன். அத்தை சுகம். முழங்காலுக்கு எண்ணெய் தடவிவிடுகிறேன். நானும் சுகம். உங்களுக்குச் சளித் தொந்தரவு இல்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் போனபோது இருந்த இடம் இப்போது உங்களுக்கு அடையாளம் தெரியாது. பாலத்திலிருந்து ஜல்லி போட்டு ரோடு வந்துவிட்டது. பஸ் உள்ளேயே வந்து டீக்கடை முன்னால் திரும்புகிறது. கிடங்கில் இருந்த பள்ளிக்கூடத்துக்குத் தனிக் கட்டடம் எழும்பிவிட்டது. கிடங்கில் இப்போது வியாழக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது, வெளியூர்க்காரர்கள் லாரியோடு வந்து சோளம் எடுக்கிறார்கள். இந்தப் போகம் தண்ணீர் வந்தது, கரை தாங்கியது. ரோட்டோரம் கடைகள் வரிசையாகிவிட்டன. பக்கத்து வீட்டுக் கொத்தனார் அங்கே மூன்று அறைகள் கட்டி வாடகைக்கு விடுகிறார். ஒன்று காலியாக இருக்கிறது.

பம்பு செட்டுகளும் டிராக்டர்களும் நிறைய வந்துவிட்டன. ஒன்று நின்றுவிட்டால் பாலத்துக்கு அப்பால் ஆள் தேடிப் போக வேண்டியிருக்கிறது. மெக்கானிக் ஒருவர் வந்தால் பரவாயில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் உங்களுக்காக இதைச் சொல்லவில்லை. உண்மையிலேயே ஆள் வேண்டும்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. பாலத்தில் நின்ற நாட்கள் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதை நீங்கள் வந்து ஒரு நாளில் சரிசெய்துவிட முடியாது. நானும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

ஆனால் ஒன்று. நாம் வந்தபோது இங்கே குச்சிகளும் அதைச் சுற்றி வீடுகளும்தான் இருந்தன. யார் வந்தாலும் யாராவது ஒருவர் வீட்டுக்குத்தான் வர வேண்டும். இப்போது அப்படியில்லை. எங்கிருந்தோ வருகிறார்கள், அறை எடுத்துத் தங்குகிறார்கள், வேலை பார்க்கிறார்கள், டீக்கடையில் நின்று பேசுகிறார்கள். யாரும் அவர்களை எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை. காலையில் நான் தண்ணீர் திருப்பப் போகும்போது தெரியாத முகங்கள் எதிரே வருகின்றன.

ஊருக்கு வாருங்கள். வீட்டுக்கு வருவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.